69 இலட்சம் பேரும் நாங்களும்

பொருளாதாரம் சரிந்து கிடந்த 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் ஒருவரை வாயடைக்க வைக்க ஒரு தொகையைச் சொன்னால் போதும்: 69 இலட்சம். பெற்றோல் வரிசையில் யாராவது புறுபுறுத்தால், "நீங்களும் அந்த 69 இலட்சத்தில ஒராள்தானே, பேசாம நில்லுங்கோ" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். முகநூலில் சிங்களத்திலும் தமிழிலும் இதே ஏச்சுத்தான். 2019 நவம்பர் 16 அன்று நடந்த ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்சவுக்கு விழுந்த வாக்குகள் 6,924,255. நூற்றுக்கு 52.25. பட்டாசு கொளுத்திப் பாற்சோறு பகிர்ந்து கொண்டாடப்பட்ட அந்தத் தொகை, மூன்று ஆண்டுகள் முடிவதற்குள் வசையாகிப் போனது.

வடக்கில் இருந்த எங்களுக்கு அந்த வசை ஒருவித ஆறுதலைத் தந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சஜித் பிரேமதாசவுக்கு 83 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. கோட்டாபயவுக்குக் கிடைத்தது 6 சதவீதத்துக்குச் சற்று மேல். வன்னியிலும் மட்டக்களப்பிலும் ஏறக்குறைய அதே கதை. ஆகவே நாடு விழுந்து கிடந்தபோது, "நாங்கள் அப்பவே சொன்னனாங்கள்" என்று சொல்ல எங்களுக்கு உரிமை இருந்தது. சொன்னோம். அதில் எனக்கு இன்றைக்கும் பிழை தெரியவில்லை. ஆனால் மறுபக்கத்திலிருந்து வந்த பதில்தான் என்னை இன்றுவரை விடாமல் அரிக்கிறது. "எங்களை ஏமாத்திப்போட்டார்" என்றார்கள். வாக்குப் போட்டவர் ஏமாற்றப்பட்டிருந்தால் அவரும் பாதிக்கப்பட்டவர்தான். அவரிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மனிதர் உண்மையில் யாரையாவது ஏமாற்றினாரா? இதை யோசிக்க யோசிக்க, இல்லை என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

டீசல் வரிசையில்

அந்த ஆண்டு ஜூன் மாதம். எரிபொருள் இல்லையென்று பாடசாலைகளையும் மூடிவிட்டார்கள். வவுனியாவில் ஒரு எரிபொருள் நிலையத்துக்கு முன்னால் மோட்டார்சைக்கிள்களுக்கு ஒரு வரிசை, டீசலுக்கு ஒரு வரிசை, இரண்டும் ஒட்டியபடி வீதியோரமாக நீண்டு கிடந்தன. எனக்குப் பக்கத்தில் ஒரு லான்ட்மாஸ்டர், அந்த இருசக்கர உழவு இயந்திரம், நின்றது. அதன் பெட்டிக்குள் சாக்கை விரித்து, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சாய்ந்திருந்தார். வவுனியா தெற்கில் ஒரு சிங்களக் கிராமத்து விவசாயி. முதல் நாள் பின்னேரமே வந்து இடம் பிடித்தவராம். கட்டிவந்த சோறு முடிந்து, போத்தலில் வெறுந்தேத்தண்ணி கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் பாதியை மூடியில் ஊற்றி எனக்கு நீட்டினார். என் சிங்களம் அரைகுறை, அவருடைய தமிழும் அப்படித்தான். நான் அவரைச் சிங்களத்தில் அய்யே, அதாவது அண்ணா, என்று கூப்பிட்டேன். அவர் என்னை மல்லி, தம்பி, என்றார்.

பெரும்போக வயலைப் பற்றித்தான் முதலில் பேசினார். பசளை இல்லாமல் நெல் மஞ்சளித்து நின்றதாம். கையைத் தன் முழங்காலுக்குக் கீழே பிடித்து, "இவ்வளவுதான் வளர்ந்தது" என்றார். சேதனப் பசளை என்று கொடுத்த மூட்டையைப் பிரித்தால் பாதி மண்ணும் கல்லுமாம். வழமையான விளைச்சலில் பாதிகூடத் தேறவில்லை. இப்போது சிறுபோகத்துக்கு இறைக்க டீசல் இல்லை. எங்களுக்கு முன்னால் நின்ற பெடியன் ஒருவன் இதைக் கேட்டுவிட்டுத் திரும்பி, "69 இலட்சமோ அய்யே?" என்றான். நான் சங்கடப்பட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஓம், நான் போட்டனான். வீட்டில இருந்த நாலு வோட்டும் அவருக்குத்தான்" என்று அவனிடம் நேராகவே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பிக் காரணத்தையும் சொன்னார். அவருடைய தம்பி இராணுவத்தில் இருந்து 2008இல் இறந்தவர். யுத்தம் முடிந்தது கோட்டாபய பாதுகாப்புச் செயலாளராக இருந்தபோது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கு மேற்பட்டவர்கள் செத்தபோது, வீட்டில் எல்லாருக்கும் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவே பயந்தார்களாம். அப்படியான நேரத்தில் வேறு யாருக்குப் போடுவது என்று கேட்டார்.

எனக்கு அது விளங்கியது. பயந்தவர்கள் பலமானவரைத் தேடுவது எந்தச் சனத்திடமும் உள்ளதுதான். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விதான் என்னைத் திகைக்க வைத்தது. "ஏமாத்திப்போட்டார் மல்லி. ஆனா உங்கட ஆக்கள் ஒருத்தரும் ஏமாறேல்லையே. உங்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்கு ஏன் தெரியாமப் போச்சு?"

வரிசை நகர்ந்தது, பேச்சு அறுந்தது. அந்தக் கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை.

தெரியாமல் போனது எது?

முதலில் எனக்குத் தோன்றிய பதில், "உங்களுக்கும் தெரியும்" என்பதுதான். 2013 ஓகஸ்ட் 1ஆம் திகதி கம்பகா மாவட்டத்தின் வெலிவேரியவில் குடிக்கச் சுத்தமான தண்ணீர் கேட்டு ஊர்ச்சனம் தெருவுக்கு வந்தது. பொலிஸைக் கொண்டு சமாளித்திருக்கக்கூடிய ஒரு போராட்டத்துக்கு இராணுவத்தை அனுப்பினார்கள். இராணுவம் சுட்டது. மூன்று பேர் இறந்தார்கள், அதில் பாடசாலை மாணவர்களும் இருந்தார்கள். செத்தவர்களும் சிங்களவர், சுட்டவர்களும் சிங்களவர். பாதுகாப்புச் செயலாளராக இருந்தவர் கோட்டாபய. அதற்கு முன் 2009 ஜனவரியில் கொழும்பில் பட்டப்பகலில் கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவும் சிங்களவர். 2012 நவம்பரில் வெலிக்கடைச் சிறைக்குள் 27 கைதிகள் செத்துப் போனது தென்பகுதிப் பத்திரிகைகளிலேயே வந்தது. ஆட்களைக் கடத்திப்போகும் வெள்ளை வான் என்றால் என்னவென்று கொழும்பில் எல்லாருக்கும் தெரியும். அப்படியிருந்தும் 2019இல் கம்பகா மாவட்டத்தில் அவரே பெரும்பான்மையோடு வென்றார். இதைத் தெரியாமல் நடந்தது என்று எப்படிச் சொல்வது?

2019 ஒக்டோபர் நடுப்பகுதியில் கொழும்பு ஷங்ரிலா ஹோட்டலில் வேட்பாளராக அவர் நடத்திய பத்திரிகையாளர் சந்திப்பைத் தமிழர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். போரின் கடைசி நாட்களில் இராணுவத்திடம் சரணடைந்து காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்டார்கள். இராணுவத்தை நடத்தியது நான் இல்லை, இராணுவத் தளபதிதான் என்ற கருத்துப்பட அவர் பதில் சொன்னார். எதிர்காலத்தைப் பாருங்கள் என்றார். நாடு முழுக்க ஒட்டப்பட்ட சுவரொட்டிகளோ அவரைப் போரை வென்றவர் என்று கொண்டாடிக்கொண்டிருந்தன. வெற்றி என்றால் அது அவருடையது; பொறுப்பு என்று வந்தால் தளபதியினுடையது. ஒரு மனிதர் ஜனாதிபதிப் பதவிக்குத் தகுதியானவரா என்று பார்க்க எனக்கு அந்தச் சில நிமிடங்களே போதும். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியிலிருந்து பந்தல் போட்டுப் பிள்ளைகளின் படங்களோடு குந்தியிருக்கிற தாய்மாருக்கு அது பதிலே இல்லை என்பது ஒரு பக்கம். அந்தத் தாய்மாரைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாத ஒருவருக்குக்கூட, இந்த ஆள் நாளைக்கு ஏதாவது பிழைத்தால் யார் தலையில் போடுவார் என்ற கேள்வி அன்றைக்கே எழுந்திருக்க வேண்டும்.

பொருளாதாரத்திலும் மறைத்து வைத்தது ஒன்றுமில்லை. 'சுபீட்சத்தின் நோக்கு' என்ற அவருடைய கொள்கைப் பிரகடனத்தில் வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை 8 சதவீதமாகக் குறைப்பது எழுதியே இருந்தது. அப்படிச் செய்தால் அரசின் வருமானம் இடிந்து விழும் என்று அன்றைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர வெளிப்படையாக எச்சரித்தார். சேதன விவசாயமும் அதே பிரகடனத்தில் இருந்தது, பத்து ஆண்டுகளில் படிப்படியாக மாறுவதாக. அந்தப் பத்து ஆண்டு 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்யும் ஒரு வர்த்தமானியாகச் சுருங்கியது. விவசாய விஞ்ஞானிகள் வேண்டாம் என்றார்கள், தேயிலைக்காரர்கள் வேண்டாம் என்றார்கள், விவசாயிகள் உருவப்பொம்மைகளை எரித்தார்கள். கேட்கவில்லை. நவம்பரில் தடையை விலக்கும்போது பெரும்போகம் கையை விட்டுப் போயிருந்தது. அது பிழை என்று அவரே பிறகு, 2022 ஏப்ரலில், ஒப்புக்கொண்டார்.

வயல்காரரிடம் யாருமே கேட்காமல், சில பேர் ஓர் அறைக்குள் இருந்து முடிவெடுத்து, அதை ஓர் உத்தரவாக இறக்கி, எதிர்த்தவனை நாட்டுக்கு எதிரியாகப் பார்த்தது 2021இல் முதல் தடவையாக நடக்கவில்லை. வெலிவேரியவில் தண்ணீர் கேட்டவர்களிடம் அவர் அப்படித்தான் நடந்துகொண்டார். கொழும்பில் குடிசைகளை அகற்றி நடைபாதைகளும் பூங்காக்களும் போட்டபோதும் அப்படித்தான், நகர அபிவிருத்தியையே பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழே வைத்துக்கொண்டு. எங்கள் விஷயத்தில் எப்படி நடந்தார் என்று இங்கே எழுதத் தேவையில்லை. பதினைந்து ஆண்டுகளாக ஒரே மனிதர், ஒரே குணம். வாக்காளர்கள் அந்தக் குணத்தைப் பார்க்காமல் விடவில்லை. பார்த்து, அதையே தகுதியாக எண்ணினார்கள். "அவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், செய்து முடிப்பார்" என்றுதான் அவருக்காகத் திரண்ட படித்தவர்களின் அமைப்பான வியத்மகவின் மேடைகளில் பேராசிரியர்களும் தொழிலதிபர்களும் அவரைப் புகழ்ந்தார்கள். நாங்கள் எதற்காக அவரை வேண்டாம் என்றோமோ, அதற்காகவே அவர்கள் வேண்டும் என்றார்கள். அந்தக் கடுமை தமிழர் மீதும் முஸ்லிம்கள் மீதும் பாதாள உலகத்தினர் மீதும் பாயும், தங்கள் வயலுக்குள் வராது என்று நம்பினார்கள். வந்தபோது ஏமாற்றம் என்கிறார்கள்.

மொழி பிரித்த செய்தி

ஆனால் அந்த விவசாயியின் கேள்வியை இப்படி மட்டும் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. வரிசையில் அன்று பின்னர் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பேச்சு மீண்டும் தொடங்கியபோது யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலைப் பற்றிக் கேட்டேன். 2000ஆம் ஆண்டு டிசம்பரில், இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த தங்கள் வீடுகளைப் பார்க்கப் போன எட்டுத் தமிழர்கள் அங்கே கழுத்தறுத்துக் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள். அவர்களில் ஐந்து வயதுக் குழந்தையும் ஒன்று. சுனில் ரத்னாயக்க என்ற இராணுவச் சார்ஜன்டுக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. போர்க்குற்றம் தொடர்பான எத்தனையோ வழக்குகள் காற்றில் போன நாட்டில், கடைசி நீதிமன்றம் வரை போய் நிலைத்த மிகச் சில தீர்ப்புகளில் ஒன்று. 2020 மார்ச்சில், கொரோனா ஊரடங்குக்கு நடுவே, கோட்டாபய அவருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து வெளியே விட்டார்.

இராணுவத்தினர் ஒருவரை விட்டது அந்த விவசாயிக்குத் தெரிந்திருந்தது. அவர் பார்த்த சிங்களச் செய்தியில் அது அரசியலுக்காகச் சிறையில் போடப்பட்ட ஒரு போர்வீரனின் விடுதலையாக வந்திருக்கிறது. வழக்கு என்னவென்று கேள்விப்பட்டிருக்கவில்லை. குழந்தையைப் பற்றித் தெரியாது. "ஐந்து வயசோ?" என்று இரண்டு தரம் கேட்டார். ஊர்ப் பெயரைத் திருப்பிக் கேட்டார். அவர் நடிக்கவில்லை. ஒரே நாட்டில் ஒரே நாளில் ஒரே சம்பவத்தை இரண்டு மொழியில் இரண்டு விதமாக வாசிக்கிறோம். தமிழ்ப் பத்திரிகையில் எட்டுப் பேரின் படங்கள் முன்பக்கத்தில் வருகின்றன. சிங்களத் தொலைக்காட்சியில் ஒரு தாய் தன் மகனைக் கட்டிப்பிடித்து அழுகிறார். இரண்டும் உண்மையில் நடந்தவை. ஒன்றை மட்டும் பார்த்தவர், நாட்டையும் பாதிதான் பார்த்திருக்கிறார்.

அப்படியென்றால் வாக்காளரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது? நான் இப்போது நம்புவது இதை: நீங்கள் வாக்குப் போட நினைக்கும் ஆளைப் பற்றி, அவரைக் கண்டு பயப்படுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று ஒரு தடவையாவது தேடிப் பார்க்க வேண்டும். ஆதரிப்பவர்கள் சொல்வது தேடாமலே வந்து சேரும். பயப்படுகிறவன் சொல்வதை நம்ப வேண்டியதில்லை, சரிபார்த்தால் போதும். மேடையில் பேச்சு எப்படி, படிப்பு என்ன, நேர்மையா, திறமையா என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடிதான். தன்னைத் திருப்பிக் கேள்வி கேட்க முடியாதவர்கள் மீது அதிகாரம் கிடைத்தபோது அந்த மனிதர் என்ன செய்தார்? கைதியிடம், அகதியிடம், காணாமல் போனவனின் தாயிடம், கடைநிலை ஊழியனிடம்? அதற்கு ஒரு பதிவு இருக்கிறது என்றால், அதுதான் நாளைக்கு உங்களிடமும் வரப்போகிறது. 2020 ஏப்ரலிலிருந்து கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை, விஞ்ஞான ஆதாரம் எதுவும் இல்லாமல், கட்டாயமாக எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொல்லியிருந்தும் 2021 பெப்ரவரி வரை அந்த உத்தரவு நின்றது. தாய் தகப்பனின் மையித்தைக் கேட்டு அழுதவர்களிடம் காட்டிய அதே பிடிவாதத்தை, அந்தத் தடை விலகி மூன்று மாதம் ஆவதற்குள் விவசாயிகள் கண்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கணக்கு

இதையெல்லாம் சொல்லும்போது எங்கள் ஆட்கள் சந்தோசமாகத் தலையாட்டுவார்கள் என்று தெரியும். ஆகவே 2005க்கும் போக வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 17 தேர்தலில் மகிந்த ராஜபக்ச 180,786 வாக்கு வித்தியாசத்தில் ரணில் விக்கிரமசிங்கவை வென்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 சதவீதம். ஏழு இலட்சம் வாக்காளர் பதிவில் இருந்த மாவட்டம். புலிகள் தேர்தலைப் புறக்கணிக்கச் சொல்லியிருந்தார்கள்; சொன்னது மட்டுமில்லை, மிரட்டலும் இருந்தது, வீதிகளில் ரயர் எரிந்தது. மகிந்த பதவியேற்றதும் அமெரிக்காவில் இருந்து வந்திருந்த தன் தம்பியைப் பாதுகாப்புச் செயலாளர் ஆக்கினார். கோட்டாபயவின் அரசியல் வாழ்க்கையில் முதல் கதவு திறந்தது அந்த நாளில், எங்கள் வெறும் வாக்குப் பெட்டிகளுக்கு முன்னால்.

இதையும் 69 இலட்சத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். உயிருக்குப் பயந்து வீட்டில் இருந்தவனுக்கும், யாரும் தடுக்காத நாளில் வரிசையில் நின்று கோட்டாபயவின் மொட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போட்டவனுக்கும் பொறுப்பு ஒரே அளவு ஆகாது. ஆனால் புறக்கணிப்பை அன்று மனதார வரவேற்றவர்களும் எங்களுக்குள் இருந்தார்கள். "எந்தச் சிங்களவன் வந்தால் எங்களுக்கென்ன, கடும்போக்காளன் வந்தால்தான் உலகத்துக்கு விளங்கும்" என்ற பேச்சு யாழ்ப்பாணத்துத் திண்ணைகளில் அறிவாளித்தனமாக ஓடியது. அவர்களைப் பயம் தடுக்கவில்லை. வரப்போகிறவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க மறுத்தார்கள். வாக்குப் போடாமல் இருந்ததும் ஒரு தெரிவுதான், அதற்கும் விளைவு உண்டு, அந்த விளைவில் செத்தவர்கள் எங்கள் சனம்.

பிறகு 2010 ஜனவரி. முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதம். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு, அந்தப் போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகாவுக்கு வாக்களிக்கச் சொன்னது. யாழ்ப்பாணத்தில் போய் வாக்களித்தவர்கள் நாலில் ஒரு பங்குதான், அவர்களில் பெரும்பாலானோர் அவருக்கே போட்டார்கள். அடுத்து 2015இல் மைத்திரிபால சிறிசேன, போரின் இறுதி இரண்டு வாரங்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். அவருக்கு அள்ளிக் கொடுத்தோம். இந்த இரண்டு வாக்கையும் நான் குறை சொல்ல மாட்டேன். ராஜபக்சக்களை அகற்றுவதற்கு வேறு கருவி எங்கள் கையில் இருக்கவில்லை. அந்த இரண்டு தேர்தல்களிலும் நாங்கள் தகுதியைத் தேடவில்லை, இருப்பவரை இறக்கப் பார்த்தோம். அது சிறுபான்மையினரின் வழி, அதிலும் ஒரு விவேகம் இருக்கிறது. ஆனால் அப்படியே பழகிப் போனதில் ஒரு நட்டமும் உண்டு. வேட்பாளரைத் துருவிப் பார்க்கும் வேலையையே விட்டுவிட்டோம். யாருக்கு எதிராக என்று மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு, யாருக்காக என்று கேட்க வேண்டிய நாள் வரும்போது கை நடுங்கும்.

அந்த நாள் 2024இல் வந்தது. கோட்டாபய 2022 ஜூலை 13 அன்று மாலைதீவுக்குப் பறந்து, அடுத்த நாள் சிங்கப்பூரிலிருந்து பதவி விலகியிருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், அவரும் மகிந்தவும் இன்னொரு சகோதரர் பசிலும் வேறு சிலரும் பொருளாதார நெருக்கடியில் மக்கள் நம்பிக்கையை மீறியவர்கள் என்று நாலுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆட்சியாளரின் பொறுப்பை ஒரு நீதிமன்றம் எழுதி வைத்துவிட்டது. வாக்காளரின் பொறுப்பைப் பேச அப்படி ஓர் இடம் இல்லை. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வென்றபோது யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்கு 7 சதவீதம் அளவில்தான் கிடைத்தது. இரண்டு மாதம் கழித்து நாடாளுமன்றத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி அதே மாவட்டத்தில் ஆறில் மூன்று ஆசனங்களை எடுத்தது. தமிழ்க் கட்சிகள் எதுவும் இவ்வளவு ஆசனம் பெறவில்லை. கோபத்தில் போட்ட வாக்குகள் அதில் உண்டு, நம்பிக்கையில் போட்டவையும் உண்டு. தமிழ்க் கட்சிகள் அந்தக் கோபத்துக்கு முழுத் தகுதியானவை என்பதில் எனக்கு வேறு கருத்து இல்லை.

என்னோடு படிப்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர், என் பழைய மாணவன், அந்த வாக்குகளில் ஒன்றைப் போட்டவன். "சேர், இவர் களவெடுக்க மாட்டார். எங்களுக்கு அது காணும்" என்றான். களவெடுக்காதவர் என்பது சின்ன விஷயம் இல்லைத்தான். ஆனாலும் வடக்கு கிழக்கு இணைப்பைப் பற்றி அவனிடம் கேட்டேன். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தால் இணைந்திருந்த இரண்டு மாகாணங்களையும், தேசிய மக்கள் சக்தியின் மையக் கட்சியான ஜே.வி.பி.யினர் தொடுத்த வழக்கில்தான் 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் பிரித்தது. அப்போது அநுர அந்தக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவனுக்கு இது தெரியாது. அப்போது அவன் சின்னப் பெடியன்.

ஒரு கிழமைக்குப் பிறகு ஆசிரியர் ஓய்வறைக்கு ஒரு கொப்பியோடு வந்தான். வழக்கைத் தேடி வாசித்திருந்தான். அதோடு ஜே.வி.பி. தன் பழைய நிலைப்பாடுகளில் எதை வெளிப்படையாகக் கைவிட்டது, எதைப் பேசாமல் விட்டது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதியிருந்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்ற வாக்குறுதியைத் தனியாகக் கோடிட்டிருந்தான். "இதெல்லாம் பார்த்த பிறகும் நான் அவைக்குத்தான் போட்டிருப்பன் சேர். ஆனா இதைக் கேட்டுக்கொண்டும் இருப்பன்" என்றான். நான் அவனோடு உடன்படவில்லை. அவன் எழுதியதில் ஒரு நிலைப்பாட்டை அவன் மென்மையாக வாசிக்கிறான் என்று சொன்னேன். அவன் விடவில்லை. மணி அடித்து இரண்டு பேரும் வகுப்புக்குப் பிந்திப் போனோம், இடைவேளையில் மறுபடி தொடங்கினோம்.